வாய் தீட்டாத கத்தி

எறிகத்தி வாங்கப் போகிறவர் முன்னால் இரண்டு வகைச் சரக்கு வந்து நிற்கும். ஒன்று கறுப்புப் பூச்சும் மண்டையோட்டுச் சித்திரமும் ரம்பப் பல்லுமாக, இடுப்பில் மறைத்துக் கட்டிக்கொள்ளும் உறையோடு வருவது. கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். எடை என்று சொல்ல ஒன்றும் இராது. இன்னொன்று பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாதது: ஒரே எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த, பிடிக்கென்று தனிக் கட்டை பொருத்தாத, ஓரடி நீளமுள்ள மூன்று கத்திகள். முனை மட்டும் கூர். இருபக்க விளிம்பும் மழுங்கல். பழகியவர்கள் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு அவர்கள் தரும் காரணங்கள் எல்லாம் எடை, நீளம், சுழற்சி பற்றியவை. அறத்தைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. ஆனாலும் மரத்தைக் குறிவைத்துக் கத்தி எறிவது வன்முறையில் சேருமா என்ற சமயக் கேள்விக்கு அந்த எடை, நீளக் கணக்கில் ஒரு பதில் கிடக்கிறது. கத்தி என்றாலே கொலைக்கருவிதான் என்று உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லையே, பிறகு என்ன என்று விளைவைப் பார்த்து விடுவிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். எறிகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு கவனத்தோடு எறிகிறார் என்ற இரண்டும்தான் இங்கே கேள்வி. அவை இரண்டும் முதன்முதலில் வெளியே தெரியும் இடம் எந்தக் கத்தியை எடுக்கிறார் என்பதுதான்.

முதலில் தொழிலைப் பார்த்துவிடலாம். கையை விட்டுக் கிளம்பிய கத்தி தன் எடை மையத்தைச் சுற்றித் தலைகீழாகப் புரண்டுகொண்டே போகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். அதன் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் ஆகாது. சில மீட்டர் தூரத்தில் காற்றும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆகவே விடும் கணத்தில் கை கொடுத்த சுழற்சியே மரத்தைத் தொடும்வரை நீடிக்கிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டரில் அரைச் சுற்று, மூன்று அல்லது மூன்றரை மீட்டரில் ஒரு முழுச் சுற்று என்பது பொதுக்கணக்கு; ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். தேர்ந்தவர் தன் வீச்சை மாற்றமாட்டார், தான் நிற்கும் இடத்தைத்தான் அரையடி முன்னே பின்னே நகர்த்திக்கொள்வார். நீளமும் கனமும் உள்ள கத்தி நிதானமாகச் சுழலும்; விடுவதில் சிறு பிசகு நேர்ந்தாலும் முனை மரத்தைப் பார்த்தே வந்து சேரும். இலேசான குட்டைக் கத்தி படபடவென்று சுழல்வதால் அதே பிசகுக்குப் பிடியோ பக்கமோ மோதித் தெறித்துவிடும். 25 முதல் 35 சென்டிமீட்டர் நீளம், 200 கிராமுக்குக் குறையாத எடை என்று புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்வது இதனால்தான். மண்டையோட்டுக் கத்தி முதல் நாளிலேயே ஏமாற்றிவிடும்.

விளிம்பு ஏன் மழுங்கியிருக்க வேண்டும் என்றால், சில தூரங்களில் அலகைப் பிடித்துத்தான் எறிய வேண்டும். அரைச் சுற்றில் முனை முன்னே வர அதுவே வழி. வாய் தீட்டிய கத்தி எறிகிறவர் விரலைத்தான் முதலில் அறுக்கும். மரத்துக்குள் இறங்குவது முனை. அங்கே வாய்க்கு வேலையே இல்லை. எஃகின் தன்மையும் சமையல் கத்திக்கு நேர் எதிர். காய் நறுக்கும் கத்தி கூரைத் தாங்கி நிற்க வேண்டும் என்பதால் ராக்வெல் அளவில் 55-ஐத் தாண்டிய கடினத்துக்குப் பதப்படுத்துவார்கள். எறிகத்தி அதைவிட மென்மையாக இருக்க வேண்டும். கடின எஃகு மோதலில் முறிந்து துண்டு பறக்கும். மென்மையானது வளையும், முனை கொஞ்சம் மடங்கும், அரம் வைத்து ராவினால் சரியாகிவிடும். மரத்தில் நிற்கும் கத்தியில் அடுத்த கத்தி உரசினால் பிசிறு எழும். அந்தப் பிசிறு கையைக் கிழிக்கும் என்பதால் அதையும் அவ்வப்போது அரத்தால் எடுத்துவிட வேண்டும். செட்டில் மூன்றும் ஒரே எடை, ஒரே நீளம், ஒரே சமநிலையில் இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் கை ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாடம் கற்கும், எதையும் கற்றுக்கொள்ளாது.

இந்த நிபந்தனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். இலக்குப் பழக்கத்துக்குக் கத்தி எவ்வளவு பொருத்தமாகிறதோ, ஆயுதமாக அவ்வளவு பயனற்றுப் போகிறது. வாய் இல்லாததால் அறுக்காது. இடுப்பில் மறைக்க முடியாத நீளம். குறித்த தூரத்தில் அசையாமல் நிற்கும் மரத்துக்குத்தான் சுழற்சிக் கணக்கு பொருந்தும்; மனிதன் ஒரு காலெடுத்து வைத்தாலே கணக்கு தவறிவிடும். எறிந்த பிறகு எறிந்தவர் வெறுங்கையோடு நிற்பார். திரைப்படங்களில் கத்தி எறிந்து காவலாளியைச் சாய்க்கும் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் இலக்கு எறிதலின் தர்க்கமே கத்தியை ஆயுதத்திலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது. யாரும் அறநூல் படித்து இந்தக் கத்தியை வடிவமைக்கவில்லை. குறி தப்பாமல் இருக்க என்ன வேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள். கொலைக்கு உதவாத பொருள் ஒன்று வந்து சேர்ந்தது.

சட்டம் இதை ஓரளவுதான் பார்க்கிறது. 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்து, வீட்டுவேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றை மட்டும் விலக்குகின்றன. விளையாட்டு அந்த விலக்கில் இல்லை. நீளத்தை அங்குலத்தில் அளக்கும் அதே விதி எதற்காகச் செய்யப்பட்டது என்றும் கேட்கிறது என்பதைக் கவனிக்கலாம். ஆனால் அது கேட்பது செய்தவனின் நோக்கத்தை. எடுத்தவனின் நோக்கத்தைக் கேட்கச் சமயங்கள்தான் வேண்டியிருக்கின்றன.

பௌத்த உரையாசிரியரான புத்தகோசர் கொலைக்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறார்: ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் உயிர் போக வேண்டும். ஐந்தும் கூடினால்தான் கொலை நிறைவு பெறும். மரத்தில் கத்தி எறிகிறவரிடம் முயற்சி ஒன்றைத் தவிர மற்ற நான்கும் இல்லை. இத்தோடு வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால் வியாச பாரதத்தின் ஆதிபருவத்தில் துரோணர் வைத்த சோதனையை இந்த ஐந்து உறுப்புக்குள் போட்டுப் பாருங்கள். மர உச்சியில் அவர் வைத்தது உயிருள்ள பறவை அல்ல, கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்த பொம்மைப் பறவை. அது பொம்மை என்பது மாணவர்களுக்குத் தெரியாது. பறவையின் தலையைத் தவிர எதையும் காணவில்லை என்று அர்ச்சுனன் சொன்னதை ஒருமைப்பட்ட கவனத்துக்கு எடுத்துக்காட்டாக நாம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவன் ஒரு தலையைக் கொய்யத் துணிந்துதான் நாணை விட்டான் என்பது நம் கண்ணில் படுவதில்லை. அங்கே உயிர் இல்லை, சாவும் இல்லை. உயிர் என்ற எண்ணமும், கொல்லும் எண்ணமும், முயற்சியும் இருந்தன. ஐந்தில் மூன்று. இலக்குப் பயிற்சி என்ற ஒரே பெயரின் கீழ், எதிரே மரம் என்று தெரிந்து எறிவதும் உயிர் என்று நினைத்து எய்வதும் வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

சமணர்களும் பௌத்தர்களும் இந்த இடத்தில்தான் கடுமையாக மோதினார்கள். சூத்திரகிருதாங்கம் என்ற பழைய சமண ஆகமத்தில் ஆர்த்ரகர் என்ற முனிவரிடம் ஒரு பௌத்தர் வாதிடுகிறார். பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்து ஒருவன் கழுவில் குத்தினால் அவனுக்குக் கொலைப் பாவம் உண்டு. சுரைக்காயைக் குழந்தை என்று நினைத்துக் குத்தினாலும் அப்படியே. மனிதனைப் பிண்ணாக்கு என்று நினைத்துக் குத்தினால் பாவம் இல்லை. இதுதான் அந்தப் பௌத்தர் வைக்கும் வாதம். பௌத்தக் கொள்கையைக் கேலி செய்யச் சமணர்கள் அதைக் கொஞ்சம் இழுத்து எழுதியிருக்கலாம். ஆர்த்ரகர் இதை ஏற்கவில்லை. பிண்ணாக்குக் கட்டியைப் பார்த்து மனிதன் என்று யார்தான் எண்ணுவான் என்பது அவர் கேள்வி. அதைவிட முக்கியமானது, தெரியாமல் செய்தேன் என்பதை ஒரு சாக்காக அவர் ஏற்க மறுப்பது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் வன்முறைக்குத் தரும் வரையறையிலேயே கவனக்குறைவு நுழைந்துவிடுகிறது: கவனமின்றி நடந்துகொள்வதால் உயிருக்கு நேரும் கேடுதான் இம்சை. பார்க்கவில்லை, நினைக்கவில்லை என்பது அங்கே குற்றத்தைக் கழுவாது. பார்க்காமல் இருந்ததே குற்றம்.

எறிகத்திக்கு இது நேரடியாகப் பொருந்தும். இந்தப் பழக்கத்தில் உண்மையில் காயம் படுவது பகையால் அல்ல, மெத்தனத்தால். கடினமான பலகையில் மோதிய கத்தி எறிந்தவர் பக்கமே திரும்பித் தெறிக்கும். கவனமுள்ளவர் மென்மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டை, அறுத்த முகம் தம்மைப் பார்க்கும்படி வைப்பார். அந்த முகத்தில் நார்கள் விலகி முனைக்கு இடம் கொடுக்கும். இலக்குக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறதா, பக்கத்தில் யாரும் நடமாடுகிறார்களா, மூன்றையும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போகிறோமா, பழகி முடித்ததும் கத்திகள் எங்கே பூட்டப்படுகின்றன என்பவை எல்லாம் சமணக் கணக்கில் வெறும் பாதுகாப்பு விதிகள் அல்ல. அவை அகிம்சையே. வாய் தீட்டிய இலேசான கத்தியை அழகுக்காக எடுத்தவர், அது தெறிக்கும்போது யார் மேல் படும் என்பதை வாங்கும்போதே யோசிக்காமல் விட்டவர். அவர் மனத்தில் பகை இருந்ததா என்று ஆராயத் தேவையே இல்லை.

இனி என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சி. அது தமிழிலேயே ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றாக இருக்கிறது. யசோதர காவியத்தின் கதையைச் சோமதேவர் 959ஆம் ஆண்டில் வடமொழியிலும் ஜன்னர் 1209ஆம் ஆண்டில் கன்னடத்திலும் விரித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் சமணர்களை உலுக்கிய கதை. மனைவி அமிர்தமதியின் துரோகத்தைக் கண்டு கலங்கிய யசோதரனைத் தீய கனவுக்குப் பரிகாரமாகச் சண்டமாரி என்ற தெய்வத்துக்குப் பலி கொடுக்கச் சொல்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்ப்பலிக்கு அவன் இசையவில்லை. கடைசியில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள்: மாவால் கோழி செய்து அதை வெட்டுவது. ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அந்த ஒரு வெட்டுக்காகத் தாயும் மகனும் நாயும் மயிலுமாகத் தொடங்கி, பல விலங்குப் பிறவிகளில் உழன்று, கடைசியில்தான் அபயமதி, அபயருசி என்ற மனிதப் பிறவிக்கு வருகிறார்கள். மாக்கோழியை வெட்டியதே இவ்வளவு பெரிய பாவம் என்றால், மரத்தை மனிதனுக்குப் பதிலாக நிறுத்திக் கத்தி எறிவது மட்டும் எப்படித் தப்பும்? இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எது இறந்தது என்பதை விட்டுவிட்டு, எதற்குப் பதிலாக எது நிறுத்தப்பட்டது என்று இந்தக் கதை கேட்கிறது.

அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு போனால் பதிலும் அங்கேதான் கிடைக்கும். மாக்கோழி ஒரு கோழிக்குப் பதிலாக நின்றது. கோழியாக நினைக்கப்படாவிட்டால் அதற்குச் சண்டமாரியிடம் மதிப்பே கிடையாது; வெட்டியவனின் மனம் அதைக் கோழியாக ஆக்கினால்தான் பலி பலியாகும். வட்டமாக அறுத்து நடுவில் ஒரு சுழி வரைந்த மரத்துண்டு எவருக்கும் எதற்கும் பதிலாக நிற்கவில்லை. அது மரமாகவே இருந்து முனையை வாங்கிக்கொள்கிறது. மனித உருவத்தை வரைந்து நெஞ்சிலும் கழுத்திலும் புள்ளி வைத்த அட்டை அப்படியல்ல. அது மாக்கோழியின் நேரடி வாரிசு. வேண்டாதவர் ஒருவரின் படத்தை ஒட்டி வைத்து எறிகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யசோதரனாவது மனம் கூசித்தான் வெட்டினான். சர்க்கஸில் பெண்ணைப் பலகையில் நிறுத்திச் சுற்றிலும் கத்தி எறியும் வித்தை இதில் ஒரு தனிக்கதை: அங்கே படக்கூடாத இடம்தான் மனிதர், எறிகிறவரின் திறமை முழுவதும் தவறவிடுவதில் இருக்கிறது. நோக்கத்தை மட்டும் பார்த்தால் அவர் குற்றமற்றவர். உமாஸ்வாதியின் அளவுகோலை வைத்தால் அவ்வளவு எளிதில் விட முடியாது, ஏனென்றால் வேடிக்கை பார்ப்பவர்களின் படபடப்புக்காக ஓர் உயிரை வேண்டுமென்றே விளிம்பில் நிறுத்துகிறார்.

கருவியை வைத்து மனத்தை அறிய முடியுமா, மழுங்கிய கத்தியை எடுத்துக்கொண்டு ஒருவன் வன்மத்தோடு எறியலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எறியலாம். மண்டையோட்டுக் கத்தியை வாங்கிய பையன் வெறும் ஆசையால் வாங்கியிருக்கலாம் என்பதும் சரியே. பிறரைத் தீர்ப்பிட இந்த அளவுகோல் உதவாது. அந்த வேலைக்கு நான் இதைக் கொண்டுவரவில்லை. எடுப்பவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. எறியும் நேரத்தில் மனத்தைப் பார்க்க முடியாது, கை வேகமாகப் போய்விடும். தேர்வு செய்யும்போது அவகாசம் இருக்கிறது. எறிதலுக்குக் கொஞ்சமும் உதவாத ரம்பப் பல்லும் மறைவு உறையும் எனக்கு ஏன் வேண்டும் என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொண்டால், வருகிற பதில் பெரும்பாலும் ஒரு கற்பனைக் காட்சியாக இருக்கும். அந்தக் காட்சியில் எதிரே நிற்பது மரமாக இராது. கருவி மனத்தைத் திருப்பிப் பழக்கவும் செய்கிறது. ஒரே எடையுள்ள மூன்று கத்திகளை எறிந்து மூன்றும் மூன்று இடத்தில் விழுந்தால், கோபித்துக்கொள்ள எதிரில் யாரும் இல்லை. கத்தியின் மேல் பழி போடவும் வழியில்லை, மூன்றும் ஒன்றுதான். எறிந்த கைக்கே திரும்பிப் போக வேண்டும். குறி தவறிய வில்லாளி காரணத்தைத் தன்னிடமே தேடுகிறான் என்று கன்பூசிய மரபு பெருந்தகைக்கு இலக்கணம் சொன்னது இதைத்தான். மட்டமான செட் அந்தப் பாடத்தை நடத்தாது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சாக்கைக் கையில் கொடுத்து அனுப்பும்.

அப்படியானால் குறியில் படுவது முக்கியமா, இல்லையா? கி.மு. 45இல் சிசரோ எழுதிய அறநூல் உரையாடல் ஒன்றில், ஸ்டோயிக் தரப்பைப் பேசும் கேட்டோ ஈட்டியோ அம்போ எறிகிறவனை எடுத்துக்காட்டுகிறார். நேராக எறிய வேண்டிய எல்லாவற்றையும் செய்வதே அவனுடைய முடிவான நோக்கம். குறியில் படுவது தேர்ந்துகொள்ளத்தக்கது, ஆனால் அதுவே அடைய வேண்டிய நன்மை அல்ல. கைவிட்டுப் போன ஈட்டி காற்றுக்கும் தற்செயலுக்கும் சொந்தம். கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் இதைக் கேலி செய்தார்: அடிப்பதற்காக எல்லாம் செய்கிறான் என்று சொன்னால் புரியும், எல்லாம் செய்ய வேண்டும் என்பதற்காக அடிக்கப் பார்க்கிறான் என்றால் தலைகீழாக இல்லையா? கேலியில் நியாயம் இருக்கிறது. அம்பு பட்டாலும் படாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைப்பவன் எதற்குக் குறிபார்க்க வேண்டும்? ஆனால் வேட்டைக்காரனையும் போர்வீரனையும் நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் ப்ளூட்டார்க் வெல்கிறார். அவர்களுக்கு அம்பு பட்டால் வயிறு நிறையும், அல்லது உயிர் தப்பும். இலக்குக்கு எறிகிறவருக்கு மரத்தில் பட்ட கத்தியால் ஒரு பயனும் இல்லை. உடனே போய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். பட்டது என்பது சரியாக எறிந்தார் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஸ்டோயிக்குகள் வாழ்க்கை முழுவதைப் பற்றியும் சொல்லி வாதத்தில் சிக்கிக்கொண்டது, இந்தச் சிறு பழக்கத்தில் சிக்கலில்லாமல் அப்படியே நடக்கிறது. யாரையும் சாய்க்க வேண்டியதில்லை என்பதால்தான் விளைவை அவர் கவலையின்றி அடையாளமாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஆயுதமாகாத கத்திக்கும் பலனில் பற்றில்லாத எறிதலுக்கும் உறவு இங்கே இருக்கிறது.

ஆயினும் திறமை கைக்குள் ஏறிவிட்டால் அது எதற்குப் பயன்படும் என்று யார் உறுதி சொல்வது என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. இதற்குச் சிவகங்கைச் சீமையில் ஒரு சாட்சி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளைந்த எறிதடியான வளரியை வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜ தூரத்துக்குள் குறிதவறாது என்று வியக்கிறார். அந்த நட்புக்குப் பிறகு 1801இல் மருதுவுக்கு எதிரான படையெடுப்பில் வெல்ஷும் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நட்பில் கற்ற வீச்சு பகையைத் தடுக்கவில்லை. பகையை உண்டாக்கியதும் அந்த வீச்சு அல்ல. வரியும் ஆட்சியும் பாளையங்களின் மேல் கம்பெனி கொண்ட பிடியும்தான். வளரி கற்றவன் கொலைக்குத் தயாராகிறான் என்ற வாதத்துக்கும் வளரி நட்பை வளர்க்கும் என்ற வாதத்துக்கும் இந்தச் சாட்சி இடம் கொடுக்காது. இங்கே என் வாதத்தின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளரி நல்ல ஆயுதம். ஓடுகிறவன் காலையும் அது தேடிப் பிடிக்கும். அதைக் கையில் எடுத்தவனின் மனத்தை அதன் வடிவம் காட்டிக்கொடுக்காது, எதிரே எது நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இலக்குக்கென்றே வாயை மழுக்கிச் செய்த கத்திக்கு மட்டுமே தேர்வைக் கொண்டு நோக்கத்தைப் படிக்கும் முறை செல்லும்.

கடைசியாக, சமண இல்லறத்தாருக்கான ஒரு நோன்பு. பயனற்ற தீங்கை விலக்குவது என்ற அந்த நோன்பைச் சமண ஆசிரியர் சமந்தபத்திரரின் வழியில் அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூலும் பேசுகிறது. தீவினைக்கு வழி சொல்வது, கொலைக்கருவி கொடுப்பது, தீங்கு நினைப்பது, தீயவற்றைக் கேட்பது, கவனமின்றி நடப்பது என்று ஐந்து வகை. வாளோடு மண்வெட்டியும் நெருப்பும்கூடக் கொடுக்கக் கூடாத பொருள்களில் வருகின்றன. எனவே எறிகத்திச் செட்டைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்க நினைப்பவர், வாய் மழுங்கியதுதானே என்று சொல்லி இந்த விதியிலிருந்து நழுவ முடியாது. பெறுகிறவர் கவனத்துக்கு அவர் பொறுப்பேற்க முடியாது. தனக்கென்று வாங்கிப் பூட்டி வைத்துப் பழகுகிறவருக்கு முதல் நான்கு வகையிலும் நான் பதில் சொல்லிவிட முடியும். ஐந்தாவது கடினம். காரணமில்லாமல் மண்ணைக் கிளறுவதையும், நீரை இறைப்பதையும், நெருப்பை மூட்டுவதையும், செடிகொடிகளை வெட்டுவதையும் அந்த நோன்பு இதில் சேர்க்கிறது. அந்தக் கண்ணில் முதலில் படுவது கத்தி அல்ல, இலக்காக நிற்கும் மரத்துண்டு. அது எந்த மரத்திலிருந்து வந்தது, அதற்காகவே வெட்டினார்களா, வேறெதற்கோ அறுத்துப் போட்டதில் மிஞ்சியதா, இன்னும் ஈரம் காயாத அந்தத் துண்டுக்குள் என்ன புழு குடியிருக்கிறது, முனை இறங்கும்போது எதன் மேல் இறங்குகிறது? விறகுக்கடையில் வெகுநாள் காய்ந்து கிடந்த துண்டைத் தட்டிப் பார்த்து எடுப்பவர் பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னவராவார். மீதிப் பாதிக்கு, நோன்பு ஏற்றவரிடம் சொல்ல என்னிடம் வாதம் ஏதும் இல்லை. அவர் எறியாமல் இருப்பதே சரி.